நடு எழுத்தைக் காணவில்லை

சீயக்காய் கண்ணில் விழுந்த அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. போன வருஷம் புரட்டாசி, ஒரு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு, எரிகிற வலது கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தவள், சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தேன். தேதி 27. இரண்டும் ஏழும் நடுவில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, யாரோ இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிய மாதிரி இருந்தன. கிட்டே போனேன். மேலே கொட்டை எழுத்தில் புரட்டாசி என்று போட்டிருந்தது, அதில் நடுவில் இருக்கிற எழுத்தைக் காணோம். ‘புர’ இருக்கிறது, ‘சி’ இருக்கிறது, இடையில் ஒரு கலங்கல். பார்வையை ‘சி’க்கு நகர்த்தினால் ‘சி’ போய்விட்டது, காணாமல் போன எழுத்து திரும்பி வந்துவிட்டது. எந்த எழுத்தை நேராகப் பார்க்கிறேனோ அந்த எழுத்து இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பினேன், நேராக இருக்க வேண்டிய கம்பிகள் நடுவில் உள்வாங்கி வளைந்திருந்தன.

துண்டை எடுத்து வலது கண்ணைத் திறந்ததும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. கம்பி நேர், தேதி 27, புரட்டாசி முழுசாக. இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும் என்று இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடி மறைத்துவிடும். எட்டு மாதம் எனக்கு அப்படித்தான் மறைத்தது. படிக்கிறதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு, ஒரு கண்ணைக் கையால் பொத்தி எதிரில் இருக்கிற ஜன்னல் கம்பியையோ கதவு ஓரத்தையோ பாருங்கள். அப்புறம் அடுத்த கண். ஒரு நிமிஷம் ஆகாது.

நான் முப்பது வருஷத்துக்கு மேலாக ப்ரூஃப் பார்க்கிறவள். ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் தொடங்கி, இப்போது திருவல்லிக்கேணி வீட்டில் உட்கார்ந்தே பார்க்கிறேன். ‘ல’ வர வேண்டிய இடத்தில் ‘ள’ வந்திருந்தால் பக்கத்தைப் புரட்டும்போதே கண்ணில் தட்டும். போன வருஷம் தை மாதத்திலிருந்து ஏதோ சரியில்லை. வரி ஆடுகிறது, படித்த வரியையே மறுபடி படிக்கிறேன், ஒரு ஃபாரத்தில் இரண்டு பிழை விட்டுவிட்டேன். கண்ணாடிக் கடைக்குப் போனேன், பவர் ஏறியிருக்கிறது என்று புது லென்ஸ் போட்டார்கள். ஆனியில் மறுபடி போனேன், “வயசாச்சில்லம்மா, புரை ஆரம்பிச்சிருக்கும், முத்தட்டும்” என்று சொல்லி இன்னொரு லென்ஸ். கடையின் பேர் வேண்டாம், அவர்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. பவர் பார்க்கிற இடத்தில் பவரைத்தான் பார்ப்பார்கள். கண்ணின் பாப்பாவை விரிய வைத்து உள்ளே விழித்திரையைப் பார்க்கிறவர் கண் டாக்டர்தான், அவரிடம் நான் போகாதது என் தப்பு. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, ஏனென்றால் இந்த நோயில் நாள் போகப் போக திரும்பி வருகிற பார்வையின் அளவு குறைகிறது.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்து, அப்புறம் டாக்டர் விளக்குக் கருவியில் ஒரு மெல்லிய ஒளிக்கோட்டை இடது கண்ணுக்குள் விட்டுக் கேட்டார்: “கோடு முழுசா தெரியுதா, நடுவுல மெலியுதா, அறுந்திருக்கா?” நடுவில் அறுந்திருக்கிறது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஓ.சி.டி. எடுக்க அனுப்பினார். வலியில்லை, ஊசியில்லை, ஒளியாலேயே விழித்திரையைக் குறுக்காக வெட்டிக் காட்டுகிற படம். திரையில் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. அடுக்கடுக்காக ஒரு பட்டை போய்க்கொண்டே இருக்கிறது, நடுவில் சட்டென்று இல்லை, இரண்டு கரையும் வீங்கிப்போய் நிற்கின்றன. விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் ஓட்டை, முழு ஆழத்துக்கும். அளவு 410 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டர்கூட இல்லை, புத்தகத்தில் நாங்கள் வைக்கிற ஒரு முற்றுப்புள்ளி அளவு. அந்த ஒரு புள்ளிதான் என்னுடைய இடது கண்ணின் படிப்பு முழுவதும்.

ஏன் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில், எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் ஓட்டையாகிவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்து இரண்டு ராத்திரி அழுதேன். டாக்டரிடம் கேட்டபோது அவர் தெளிவாகச் சொன்னார்: படித்ததால் வராது, போன் பார்த்ததால் வராது, நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை.

கண் உருண்டை ஒரு நெல்லிக்காய் அளவு, குறுக்கே 24 மில்லிமீட்டர். அதற்குள் ஐந்தில் நான்கு பங்கு இடத்தை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்கிற தெளிவான ஜெல், சுமார் 4 மில்லி. அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் நூலைவிட மெல்லிய கொலாஜன் இழைகளும் ஹயலூரோனிக் அமிலமும் (முகத்துக்குப் பூசுகிற சீரம் விளம்பரத்தில் வருமே, அதே பேர்தான்) சேர்ந்து அந்தத் தண்ணீரைக் கூழாகப் பிடித்து வைத்திருக்கின்றன. சின்ன வயதில் இந்த ஜெல் விழித்திரையோடு எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் கீழ்வீட்டு பாய் வீட்டிலிருந்து நோன்பு மாதத்தில் கிண்ணத்தில் கடல்பாசி கொடுத்தனுப்புவார்கள். அன்றைக்கே சாப்பிட்டால் கிண்ணத்தோடு கிண்ணமாக நிற்கும். இரண்டு நாள் விட்டால் ஓரத்தில் தண்ணீர் விட்டு, கட்டி சுருங்கி, கிண்ணத்தின் சுவரை விட்டு விலகும். கண்ணுக்குள் நடப்பது ஏறக்குறைய அதேதான், இரண்டு நாளுக்குப் பதில் ஐம்பது அறுபது வருஷம். ஜெல்லின் உள்ளே அங்கங்கே தண்ணீராகிறது, இழைகள் ஒன்றாகத் திரள்கின்றன, ஒரு நாள் மொத்தமாகச் சுருங்கிப் பின்பக்கத்திலிருந்து கழன்று முன்னால் வருகிறது. மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கும் புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் சீக்கிரமே நடக்கும். பெரும்பாலானவர்களுக்கு இது நரை மாதிரி, வந்துவிட்டுப் போகும்.

தாம்பரத்தில் இருக்கிற என் அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. எனக்கு நாலு வயசு மூத்தவள். ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டு கண்ணுக்கு முன்னால் கொசு கொசு என்று கையால் விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அது கொசு இல்லை. கண்ணைத் திருப்பினால் கூடவே வந்து, நிறுத்தினால் மெதுவாக மிதந்து இறங்கியது. ராத்திரி லைட்டை அணைத்தால் கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது. மாமா அவளை மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார். ஜெல் பிரிந்திருக்கிறது, விழித்திரையில் கிழிசல் எதுவும் இல்லை, ஆறு வாரம் கழித்து ஒரு முறை வாருங்கள், அவ்வளவுதான். ஒரு வளையம் மாதிரி மட்டும் இன்னும் மிதக்கிறது என்பாள். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழைகிற இடத்தைச் சுற்றி ஜெல் ஒட்டியிருந்த தடம் அது. பழகிவிட்டது அவளுக்கு.

ஆனால் ஜெல் கழலும்போது எங்காவது அழுத்தமாக ஒட்டியிருந்தால் விழித்திரையையும் சேர்த்துக் கிழித்துவிடும். திடீரென்று புகைக்கரியை அள்ளி இறைத்த மாதிரி புள்ளிகள், தொடர்ந்து மின்னல், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல இருட்டு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும், வீட்டில் விசேஷமானாலும். கிழிசலாக இருக்கும்போது லேசரில் முடிந்துவிடுகிற வேலை, விழித்திரை கழன்றுவிட்டால் பெரிய ஆபரேஷனாகிவிடும்.

எனக்கு நடந்தது இன்னொன்று. ஜெல் எல்லா இடத்திலும் விலகி, மாகுலாவின் நட்டநடுவில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. ஃபோவியா என்கிற அந்தக் குழி விழித்திரையில் மிக மெல்லிய இடங்களில் ஒன்று, நாம் எழுத்துப் படிப்பதும் முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்வதும் அதை வைத்துத்தான். பிடித்து இழுத்ததில் அது பிளந்து ஓரங்கள் விலகிக்கொண்டன. அங்கே இருந்த செல்கள் பெரும்பாலும் அழிந்துபோவதில்லை, கரைக்கு ஒதுங்குகின்றன. அதனால்தான் ஓட்டையை மூடினால் பார்வை திரும்புகிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பாதி உயிர் வந்தது. அறுபதை ஒட்டிய வயதில் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சொட்டு மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. மிகச் சின்ன ஓட்டை சில நேரம் தானாக மூடிக்கொள்வதுண்டு, என்னுடையது அந்த அளவைத் தாண்டிவிட்டது. பொன்னாங்கண்ணிக் கீரை கட்டுக் கட்டாக வந்தது வீட்டுக்கு, அன்போடு கொடுத்தார்கள், சாப்பிட்டேன், நல்ல கீரைதான். ஓட்டையை அது மூடாது. ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகும் ஒரு உறவுக்காரர், கத்தி வேண்டாம், ஒரு மண்டலம் கஷாயம் குடித்துப் பார் என்றார். 48 நாள் எனக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அவருக்குத் தெரியாது.

இன்னொன்றும் படித்தேன். 1991 வரைக்கும் இந்த ஓட்டைக்கு வைத்தியமே இல்லை என்றுதான் வைத்திருந்தார்கள். அந்த வருஷம்தான் அமெரிக்காவில் கெல்லி, வெண்டெல் என்ற இரண்டு டாக்டர்கள், 52 கண்களில் ஜெல்லை எடுத்துவிட்டு வாயு நிரப்பியதில் 58 சதவீதம் மூடிக்கொண்டது என்று எழுதினார்கள். 1991-ல் எனக்கு 27 வயசு, அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இப்போது பத்தில் ஒன்பதுக்கு மேல் மூடிவிடுகிறது. ஆசியாவிலேயே பழைய கண் ஆஸ்பத்திரி நம் எழும்பூரில் இருக்கிறது, 1819-ல் தொடங்கியது. இந்த ஊரில் கண் வைத்தியத்துக்கு இருநூறு வருஷப் பழக்கம் இருந்தும், கண் நோய் என்றால் நமக்கெல்லாம் மெட்ராஸ் ஐ, புரை, சர்க்கரை, அதற்கு மேல் தெரிவதில்லை.

ஆபரேஷன் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால். கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள், நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளை விழியில் அரை மில்லிமீட்டருக்கும் பெரிசில்லாத மூன்று துளை, அது வழியாகவே விளக்கு, கருவி எல்லாம். ஜெல்லை எடுத்தார்கள். அப்புறம் நீலச் சாயம் விட்டு, விழித்திரையின் மேல்பரப்பில் ஒட்டியிருக்கிற, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள சவ்வை இடுக்கியால் பிடித்து உரித்தார்கள். அந்த இழுவிசை போனால்தான் கரைகள் தளர்ந்து கூடும். கடைசியில் வாயுவை நிரப்பினார்கள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வலிக்கவில்லை. ஒரு நர்ஸ் முழு நேரமும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

கஷ்டம் அதற்கப்புறம். வாயுக் குமிழி மேலே எழும்பும், மாகுலா கண்ணுக்குப் பின்பக்கம் இருக்கிறது, அதனால் குமிழி போய் ஓட்டையை அழுத்தி மூட வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஐந்து நாள் சொன்னார்கள். ஓட்டையின் அளவையும் டாக்டரையும் பொறுத்து இது மாறும். சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் கொஞ்ச நேரம், மற்றபடி உட்கார்ந்தாலும் படுத்தாலும் குனிந்த தலை. டைனிங் டேபிளில் இரண்டு தலையணையை இடைவெளி விட்டு வைத்து நெற்றியை ஒன்றிலும் தாடையை ஒன்றிலும் கொடுத்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுத் தரை பழைய மொசைக். அதில் ஒரு கறுப்புக் கல், பக்கத்தில் செங்கல் நிறத்தில் இரண்டு, அப்புறம் ஒரு விரிசல், வலது கண்ணுக்கு அந்த ஐந்து நாளும் இதுதான் உலகம். காபியை ஸ்ட்ரா போட்டுக் குடித்தேன். கழுத்து விண்விண் என்று வலிக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து போடுவார். யார் வந்தாலும் காலைப் பார்த்துத்தான் அடையாளம். மெட்டியை வைத்து இன்னார் என்பேன். தீபாவளி அன்றைக்கு விடியற்காலை தெரு முழுக்கச் சரவெடி, வெடிமருந்து நெடி ஜன்னல் வழியாக வருகிறது, எண்ணெய்க் குளியல் இல்லை, தலையில் தண்ணீர் படக்கூடாது. பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். அவள் தரையில் மல்லாந்து படுத்து என் முகத்துக்கு நேர் கீழே தலையை வைத்து, “அம்மா, ஹேப்பி தீபாவளி” என்றாள். அப்படியே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வாயு உள்ளே இருக்கிறவரை விமானம் ஏறக்கூடாது, ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலைக்கும் போகக்கூடாது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து கண்ணுக்குள் வாயு விரியும், கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம். வேறு எந்த ஆபரேஷனுக்கோ மயக்க மருந்துக்கோ போக நேர்ந்தாலும், கண்ணில் வாயு இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும், நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்துவிடக் கூடாது. மகள் தன்னோடு பெங்களூர் அழைத்துப் போகிறேன் என்றாள், அதுவும் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் போட்டது இரண்டு மாதம் நிற்கிற வாயு. இரண்டு வாரத்தில் கரைகிறதும் உண்டாம். முதல் இரண்டு வாரம் இடது கண்ணில் கை அசைவது தெரிந்தது, வேறு ஒன்றுமில்லை. பயந்துவிட்டேன், முன்னால் இருந்ததும் போச்சே என்று. அப்புறம் ஒரு நாள் மேலே ஒரு கீற்று தெளிந்தது. குளத்தில் தண்ணீர் வற்றுகிற மாதிரி ஒரு கோடு, கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல், தலையை அசைத்தால் தளும்பும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கோடு இறங்கியது. கார்த்திகை தீபத்தன்று பாதிக்கு வந்திருந்தது, வாசலில் வைத்த அகல் கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தெரிந்தது. மார்கழியில் கீழே ஒரு சின்ன உருண்டை மட்டும் கோலிக்குண்டு மாதிரி உருண்டுகொண்டிருந்தது, ஒரு நாள் மூன்றாக உடைந்தது, பொங்கலுக்கு முன்னால் காணோம்.

ஓட்டை மூடிவிட்டது. ஓ.சி.டி. படத்தில் பட்டை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தொடர்ந்து போவதைப் பார்த்து நான் அங்கேயே கும்பிட்டேன். 6/60 ஆக இருந்த கண் (நல்ல கண் 60 மீட்டரில் படிக்கிறதை 6 மீட்டரில்தான் படிக்கும்) இப்போது 6/18. நேர்க்கோட்டில் இன்னும் ஒரு சின்ன நெளிவு இருக்கிறது. எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு வரி கீழே படித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஜெல்லை எடுத்த கண்ணில் புரை சீக்கிரம் வளரும், எனக்கும் வளர ஆரம்பித்துவிட்டது, அதை எடுத்தால் இன்னும் கொஞ்சம் தெளியும். ப்ரூஃப் மறுபடி பார்க்கிறேன், முன்னைவிட மெதுவாக, எழுத்தைப் பெரிதாக்கி.

வலது கண்ணில் ஜெல் இன்னும் மாகுலாவை விடவில்லை. ஒரு கண்ணில் வந்தவர்களுக்கு மறு கண்ணிலும் வர, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு என்கிற அளவில் வாய்ப்புண்டு. டாக்டர் கட்டம் போட்ட ஒரு தாள் கொடுத்திருக்கிறார், சதுரச் சதுரமாக, நடுவில் ஒரு புள்ளி. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் கை போவது காலண்டருக்குத்தான். நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு இடது கண்ணைப் பொத்தி ஒரு தடவை, வலது கண்ணைப் பொத்தி ஒரு தடவை.

முந்தாநாள் அக்காவுக்குப் போன் போட்டேன். ஜெல் பிரிந்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உனக்குத்தான் ஆயிற்று, நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு நாளும் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தவள். இன்னொரு கண் இருக்கிறதே அக்கா, அதில் இன்னும் பிரியவில்லையே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. காலண்டர் முன்னால் போய் நின்றுவிட்டாள் போல.

“எந்தக் கண்ணைடி முதல்ல மூடணும்?”